அம்மை போட்ட நாட்களில் விண்வெளியில் கொழுந்து பறித்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கு அம்மை போட்டால் வீட்டார் முதலில் ஓடுவது மருந்துக்கு அல்ல, வேப்பிலைக்கு. இலங்கை மலையகத்து மஸ்கெலியாக் குளிரில் வேம்பு எங்கே வளரும்? எனக்குப் போட்டபோது, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறி திரும்பி வரும்போது ஒரு கட்டு வேப்பிலையும் சேர்ந்து வந்தது. அது வாசலில் ஏறியதும் ஆள் நடமாட்டம் நின்றுபோனது. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்று டாக்டர் சொன்னார். அம்மாயி சொன்னதும் அதுவேதான், காரணம் மட்டும் வேறு. இருவரும் ஒத்துப்போன அபூர்வமான விஷயம் அது.

காய்ச்சலில் வரும் கனவை எழுந்ததும் எழுதினால் நல்ல விஞ்ஞானக் கதை கிடைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் நம்புவதில்லை. எனக்கு வந்த கனவெல்லாம் பாடசாலை வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட இடம் தேடி அலைவதாகவே இருந்தது. காய்ச்சல் விட்டு, சொறியக் கூடாது என்ற கட்டளை மட்டும் மிஞ்சியிருக்கும் நாட்கள்தான் வாசிக்கவும் எழுதவும் உகந்தவை. கைக்கு ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் அது முகத்துக்குப் போய்விடும்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் தொடங்கினேன். கதை நடக்கும் 2021 நம்மைக் கடந்து போய்விட்டது, அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ மட்டும் இன்னும் எந்தக் கடைக்கும் வந்து சேரவில்லை. அடுத்து எச். ஜி. வெல்ஸ். ஏழு வயதில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோதுதான் அவருக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. 1898இல் நூலாக வந்த அவருடைய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பில் பீரங்கியால் வீழாதவர்களைக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வீழ்த்துகின்றன. நல்ல உடம்போடு முன்பு வாசித்தபோது, முடிக்கத் தெரியாமல் முடித்த கதை என்று நினைத்திருந்தேன். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு வாசித்தால் அதைவிடப் பொருத்தமான முடிவு இல்லை என்று தோன்றுகிறது.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் நம் நாட்டில் வாழ்ந்தவர், போலியோவின் பின்விளைவால் கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தபோதும் எழுத்தை விடாதவர். 1979இல் வெளிவந்த அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். கட்டும் இடம், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் நின்றால் தெரியும் சிவனொளிபாதமலையை மாதிரியாக வைத்து எழுதப்பட்ட ஒரு மலை. பூமியோடு சேர்ந்தே சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செய்மதி, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மின்தூக்கியின் கயிறு இறங்குவதால் அடித்தளமும் நிலநடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். நாம் இருப்பதோ அதற்கு வடக்கே. மனிதர் யோசிக்கவே இல்லை, தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தினார், 2,243 மீட்டர் மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். எழுத்தாளனுக்கு இருக்கும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இல்லை.

அந்த நாவலில் பொறியியலாளர் இருக்கிறார், பிக்குகள் இருக்கிறார்கள், பழைய அரசன் ஒருவனும் இருக்கிறான். மலையடிவாரத்தில் வேலை செய்கிற நம் சனம் எங்கே என்று தேடினேன். அது கிளார்க்கின் குறை என்று சொல்ல மாட்டேன். அவர் எழுத வந்தது வேறு. நம் கதையை நாம்தான் எழுத வேண்டும் என்று ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தேன்.

விஞ்ஞானி, தளபதி யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். மின்தூக்கிப் பாதையின் நடுவே ஒரு நிலையம், அதில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தேயிலை. ‘விண்வெளித் தேயிலை’ என்று சொன்னால் என்ன விலைக்கும் வாங்க ஆள் இருப்பார்கள். கொழுந்து பறிக்க மஸ்கெலியாவிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நிலையத்தை எந்த உயரத்தில் வைப்பது என்ற கணக்கில்தான் எனக்குக் கதையே அகப்பட்டது.

பூமியின் மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு குறையும். தரையிலிருந்து சுமார் 2,640 கிலோமீட்டர் உயரத்தில் அது சரிபாதியாகிவிடும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 13 மணிநேரப் பயணம், கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் போவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அங்கே ஒரு பெண் 20 கிலோ கொழுந்தைப் பறித்துத் தராசில் போடுகிறாள். தரையில் சரிபார்த்து ஏற்றிய மின்னணுத் தராசு 10 கிலோ என்கிறது. கணக்கப்பிள்ளை அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிறார்.

இதை எழுதியதும் உடம்பு அரிப்பு மறந்துபோனது. நிர்வாகம் சொல்வதும் பொய்யில்லை. தராசு பழுதில்லை, அரசாங்க முத்திரை பெற்றது. பெண்கள் சொல்வதும் பொய்யில்லை. இலை ஒன்றுகூடக் குறையவில்லை. லயத்தில் பிறந்த எவருக்கும் இந்தச் சண்டையை விளக்கத் தேவையில்லை. ஈர்ப்பு விசையை மட்டும் கொஞ்சம் விளக்கினால் போதும்.

முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த அம்மா, கஞ்சிக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே நின்றபடி முழுவதையும் கேட்டார். ஈர்ப்பு விசை பற்றி ஒரு கேள்வியும் இல்லை. “தட்டுத் தராசு கொண்டுபோகச் சொல்” என்றார்.

சரியான யோசனை. தட்டுத் தராசில் ஒரு பக்கம் கொழுந்து, மறுபக்கம் படிக்கல். மேலே போனால் இரண்டின் எடையும் ஒரே அளவில் குறையும். அதனால் 20 கிலோக் கொழுந்தை 20 கிலோப் படிக்கல் எங்கேயும் சரியாகச் சமன் செய்யும். பாடப் புத்தகத்தில் பொருளின் அளவான திணிவு வேறு, ஈர்ப்பால் வரும் எடையான நிறை வேறு என்று பக்கம் பக்கமாக நான் நடத்துவதை அம்மா நிறுவைக்கு வரிசையில் நின்றே பிடித்துவைத்திருந்தார்.

பிறகு அவருக்கே ஒரு சந்தேகம். மேலே மழை பெய்யுமா என்று கேட்டார். பெய்யாது, அப்படியானால் ஈரத்துக்கு என்று கிலோ கழிக்க முடியாதே என்றேன். அம்மா சிரித்துவிட்டார். செடிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள்தானே, அந்த ஈரத்துக்குக் கழிப்பார்கள் என்றார். சாக்குக்கான கழிவையும் மறக்காமல் எழுதச் சொன்னார். இரண்டையும் அப்படியே சேர்த்துக்கொண்டேன்.

பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, பாடசாலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். கொப்பியை வெயிலில் காய வைத்த பிறகுதான் அம்மாயி மற்றவர்களைத் தொட விட்டார். கதை பாதியில் நிற்கிறது. பெண்கள் வேலையை நிறுத்தியதால் தட்டுத் தராசு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கான ஏற்றுக்கூலியை யாருடைய சம்பளத்தில் பிடிப்பது என்று நிர்வாகம் கூட்டம் போட்டிருக்கிறது.