ஐந்திலை உளுந்து: டிஎன்ஏ எடுக்க உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி தாவரவியல் படிக்கிறேன். ப்ராஜெக்ட் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

சேரன்மகாதேவி பக்கம் பிசான நெல் அறுத்த வயலில் சித்தப்பா விதைத்த உளுந்தில் ஒரு செடி மட்டும் தனியாகத் தெரிந்தது. உளுந்துக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலைதானே? இதில் ஐந்து. (“காயும் கூடுமாம்மா?” என்பதுதான் சித்தப்பாவின் ஒரே கேள்வி.) அதை ஆடுதுறை 3 ரகத்தோடு கலப்பு செய்தோம். சாயங்காலம் மொட்டைப் பிரித்து மகரந்தப்பைகளைக் கிள்ளிவிட்டு, மறுநாள் காலையில் மகரந்தம் தடவ வேண்டும். தொட்ட பூ பாதி உதிர்ந்துவிடும். முதல் தலைமுறை எல்லாமே மூன்றிலை. இரண்டாவதில் 131 மூன்றிலை, 38 ஐந்திலை. 3:1 விகிதம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் கணக்கில் 0.57தான், பொருந்துகிறது. ஆக 3:1, ஒரே ஒரு ஒடுங்கு மரபணு (இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்).

சரி, அது 11 ஜோடி குரோமோசோமில் எதில் இருக்கிறது? ஐந்திலைச் செடிகளின் டிஎன்ஏவை ஒரு குழாயிலும் மூன்றிலையை இன்னொன்றிலும் கலந்து, மார்க்கர் (குரோமோசோமில் இடம் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) ஓட்டி இரண்டையும் ஒப்பிடச் சொல்கிறார் ப்ராஜெக்ட் மேடம். டிஎன்ஏதான் வரமாட்டேன் என்கிறது. சிடிஏபி என்ற சோப்பு மாதிரிப் பொருளும் உப்பும் சேர்ந்த கரைசலில் இலையை அரைக்கும் முறையில்தான் எடுக்கிறேன். ஐசோபுரோப்பனால் ஊற்றியதும் வெள்ளை நூலாகத் திரளாமல், பழுப்பாகப் பிசின் மாதிரி குழாயின் அடியில் ஒட்டுகிறது, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் வேலை) ஓடவில்லை. பழுப்பாக்கும் ஃபீனால்களைப் பிடிக்கும் பிவிபி சேர்த்தாயிற்று, கொழுந்திலையும் எடுத்துப் பார்த்தாயிற்று.

சிடிஏபி கரைசலில் சோடியம் குளோரைடை (உப்பை) வழக்கமான 1.4 மோலாருக்கு மேல் கூட்டியவர்கள் உண்டா? மூன்றாம் தலைமுறை விதை கையில் இருக்கிறது. இருட்டில் முளைக்கவைத்த நாற்றில் எடுத்தால் சரிவருமா? அப்புறம், உளுந்தின் உறவுப் பயிரான அசுகிப் பயறுக்கான எஸ்எஸ்ஆர் பிரைமர் (மார்க்கர் ஓட்டத் தேவையான சிறு டிஎன்ஏ துண்டு) உளுந்திலும் வேலை செய்யும். நெல்லை, தூத்துக்குடி லேப்களில் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே. ஐஸ் பெட்டியோடு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.