ஃப்ரீசர் உறையுது, கீழ்த்தட்டு குளிரல: கேஸ் லீக்தானா?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், இரட்டைக் கதவு, 260 லிட்டர், வாங்கி 6 வருஷம். மூணு வாரமா மேல ஐஸ் கல்லு மாதிரி நிக்குது, கீழ வெச்ச பால் மறுநாளே திரிஞ்சுடுது. தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன்: மேல மைனஸ் 16, கீழ 14 டிகிரி.

கதவு ரப்பரைத் துடைச்சாச்சு, காகிதம் செருகி இழுத்தும் பார்த்தாச்சு, பிடி நல்லாவே இருக்கு. சுவத்துல இருந்து அரை அடி தள்ளி வெச்சேன். காத்து வர்ற துவாரத்தை எதுவும் மறைக்கல. ரெண்டு தடவை 24 மணி நேரம் கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்தே போட்டேன். வீடெல்லாம் தண்ணி, அது தனிக்கதை. ஆனா அதுக்கப்புறம் 8, 9 நாள் கீழயும் ஜோரா குளிருது. அப்புறம் பழையபடி. கெடுறதுக்கு முன்னாடி ஃப்ரீசர் பின்பக்கத் தகட்டுல வெள்ளையா பனி படியுது, ஃபேன் எதுலயோ உரசுற சத்தமும் கேக்குது.

வந்து பார்த்த மெக்கானிக் தகட்டைக் கழட்டாமலே "கேஸ் லீக், மறுபடி ஃபில் பண்ணணும்"னுட்டார். எனக்கு நம்பிக்கை வரல. கேஸ் குறைஞ்சிருந்தா ஐஸைக் கரைச்சதும் எப்படிச் சரியாகும்?

உள்ள படியுற பனியைத் தானா கரைக்கிற டீஃப்ராஸ்ட் ஹீட்டர், அதோட சென்சார், டைமர் இதுல எது போயிருக்குன்னு மல்டிமீட்டர் வெச்சு வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா?