ஆயர் ஈத்தாம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு): காசு இல்லாத காலத்துல எந்தத் தொழில் ஓடும்?

*பினாங்கு, மலேசியா. நவம்பர் 2025, சனிக்கிழமை மாலை (வெள்ளி = மலேசிய ரிங்கிட்)*

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. லிஸ்ட்ல என் பேரும் இருக்கு. இந்த மாசக் கடைசியோட முடியுது. யாரும் அழுவுற ஸ்டிக்கர் போடாதீங்க, சொல்லிட்டேன்.

சாந்தி சித்தி: 😭

சாந்தி சித்தி: ஐயோ கை பட்டுடுச்சும்மா

ராஜன் மாமா: எத்தனை வருஷம் இருந்த?

கவிதா: ஏழு முடிஞ்சது மாமா.

தினேஷ்: அக்கா, கோலாலம்பூர்ல என் கூட்டாளிக்கும் இதே கதை, அதனால சொல்றேன். உங்க மாசச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள்ளதானே? அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் தரணும். 1980லயே வந்த விதி. பாவம் பாத்து குடுக்குற மாதிரி பேசினா தலையாட்டாதீங்க. சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பெர்கேசோவுல, வேலை போனவங்களுக்கான காப்புறுதி எஸ்ஐபி மனுவ, வேலை போன 60 நாளுக்குள்ள போட்டுடுங்க. முதல் மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு, ரெண்டாவது 50, அப்புறம் 40, 40, 30, 30.

கவிதா: அது தெரியும்டா, பாரம் எடுத்து வச்சிருக்கேன். நான் கேக்க வந்தது வேற. கையில கொஞ்சம் காசு வரும். வேலையும் தேடுவேன், ஆனா மறுபடி ஒரு லிஸ்ட்ல பேர் வர்றதுக்குக் காத்துட்டு உக்கார முடியாது. மத்தவங்க கையில காசு இல்லாதப்பவும் ஓடுற தொழில் எது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க.

ராஜன் மாமா: அடகு கடை.

தினேஷ்: 😂

ராஜன் மாமா: சிரிக்காத. அக்டோபர்ல தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டிச்சு. அதே சங்கிலிய வச்சாலும் முன்னவிட கூட காசு வருது. தீபாவளிக்கு மீட்டா, ஜனவரியில பள்ளி திறக்குறப்ப மறுபடி உள்ள. நம்ம வீட்டு வளையலுக்கு வீட்டைவிட அங்கதான் பழக்கம் அதிகம்.

சரஸ் அத்தை: என் வளையல ஏன் குரூப்ல இழுக்குறீங்க

ராஜன் மாமா: நான் பேர் சொன்னேனா?

தினேஷ்: மாமா, அதுக்கு வீடமைப்பு அமைச்சு கேபிகேடியோட லைசென்ஸ் வேணும், பெரிய முதல் வேணும். அக்கா காசு இரும்புக் கதவு போடவே பத்தாது.

பெரியப்பா: ராஜன் சொல்வது தப்பில்லை, ஆனால் நமக்கு எட்டாத தொழில். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அடகுக் கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 3,000 வெள்ளிக்கு மாதம் 60. ஆறு மாதத்தில் 360. கட்டாவிட்டால் ஏலம். நகை வைப்பவர்கள் இஸ்லாமிய முறை அடகான அர்-ராஹ்னுவையும் விசாரித்துப் பாருங்கள், 1992ல் திரெங்கானுவில் தொடங்கியது, நாமும் வைக்கலாம், வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கட்டணம்தான். ரொக்கம் வைத்திருந்தவனுக்கு எப்போதும் இது அறுவடைக் காலம்தான். 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்திலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதே சமயம் கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. மலாய்க்காரர் நிலம் மற்றவர் கைக்குப் போகாமல் காக்கும் மலாய் ஒதுக்கு நிலச் சட்டம் 1933ல் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாந்தி சித்தி: உங்க பெரியப்பா டைப் பண்ண ஆரம்பிச்சா நான் சோறு வடிச்சுட்டு வந்துடலாம் 🙏

சாந்தி சித்தி: கவிதா, சாப்பாட்டுக் கடை போடு. வயிறு லீவு கேக்காது.

கவிதா: உங்க ஒட்டுக்கடை எப்படிப் போகுது சித்தி? உண்மையச் சொல்லுங்க.

சாந்தி சித்தி: ஆளு குறையல. சாப்பிடுறதுதான் மாறிப் போச்சு. முட்டை தோசை கேட்டவங்க இப்ப சாதா தோசை. தே தாரிக் டீ கேக்குறதில்ல, வீட்டுலேருந்தே போத்தல்ல தண்ணி கொண்டாந்துடுறாங்க. சட்னி மட்டும் ரெண்டு தடவ கேப்பாங்க. தேங்காய் விக்கிற விலையில அந்த ரெண்டாவது சட்னியிலதான் என் லாபம் போகுது.

ராஜன் மாமா: அப்ப விலைய ஏத்து.

சாந்தி சித்தி: இருபது சென் ஏத்தினேன் அண்ணே. ஒரு வாரம் ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசல.

சாந்தி சித்தி: வாரத்துக்கு ஆறு நாளும் காலையில நாலு மணிக்கு எழுந்திருக்க முடியும்னா மட்டும் போடு. டைபாய்டு ஊசி போடணும், உணவு கையாளும் கோர்ஸ் போகணும், மாநகர் மன்ற லைசென்ஸ் எடுக்கணும். கிடைக்கிறது வீட்டுக்குப் போதும், மிச்சம் பிடிக்க முடியாது.

தினேஷ்: இங்க எந்த மாலுக்குப் போனாலும் கூட்டம் ரெண்டு இடத்துலதான். மலிவு வீட்டுச் சாமான் விக்கிற மிஸ்டர் டிஐஒய், இல்லன்னா எக்கோ ஷாப். மிஸ்டர் டிஐஒய் 2005ல கேஎல்ல ஒத்தக் கடையா ஆரம்பிச்சது, 2020 அக்டோபர்ல, கோவிட் நடுவுலயே, பங்குச் சந்தைக்கு வந்துட்டான். எத எடுத்தாலும் 2.40 வெள்ளின்னு விக்கிற எக்கோ ஷாப் இந்த வருஷம் மே மாசம் பங்குச் சந்தைக்கு வந்துச்சு. சனங்க கஷ்டப்படுறப்பதான் ரெண்டு பேரும் பெருசாயிருக்காங்க.

கவிதா: அப்ப பிளாட்டுக்குக் கீழ நாமளும் அது மாதிரி ஒண்ணு போடலாமா?

தினேஷ்: முடியாதுக்கா. டிஐஒய்க்கு ஆயிரத்துக்கு மேல கடை. வாளி வாங்கினா கன்டெய்னர் கணக்குல வாங்குவான். நாம மொத்தக் கடையில 2.40க்கு வாங்கிட்டு வந்து 2.40க்கு விக்கணும். அதுல வாடகை, கரண்டு.

ராஜன் மாமா: என் பேட்மிண்டன் கூட்டாளி 2020ல கையுறை, முகக்கவசம்னு குதிச்சான். கொஞ்ச மாசம் பணம் கொட்டிச்சு.

தினேஷ்: கொஞ்ச மாசம்தான் மாமா. பெரிய கையுறைக் கம்பெனி டாப் குளோவ் பங்கே 2020ல 9 வெள்ளிக்கு மேல போயி, 2022ல ஒரு வெள்ளிக்குக் கீழ வந்துச்சு. கஷ்டத்தோட வர்ற தேவை கஷ்டத்தோடயே போயிடும். உங்க கூட்டாளி என்ன ஆனார்?

ராஜன் மாமா: ஸ்டோர்ல இன்னும் பெட்டி கிடக்கு. வேணுமா?

சரஸ் அத்தை: [படம்]

சரஸ் அத்தை: இத யாராச்சும் பாத்தீங்களா

கவிதா: என்ன அத்தை, துணி மலையா?

சரஸ் அத்தை: இந்த வாரம் மட்டும் வந்தது. எல்லாம் பள்ளிச் சீருடை. பள்ளி திறக்க ஒரு மாசத்துக்கு மேல இருக்கு, இப்பவே இவ்ளோ. போன வருஷம் வரைக்கும் பள்ளி திறக்குறதுக்கு முன்ன புதுசு வாங்கிட்டு அளவு குறைக்க வருவாங்க. இப்ப அண்ணன் போட்டத தம்பிக்குக் கொண்டாந்து இறக்கித் தரச் சொல்றாங்க. பள்ளிச் செலவுக்கு அரசாங்கம் குடுக்குற 150 வெள்ளி சப்பாத்துக்கும் பைக்குமே சரியாப் போகுதாம்.

ராஜன் மாமா: அதுல என்னா கிடைக்கும்? எட்டு வெள்ளி, பத்து வெள்ளி.

சரஸ் அத்தை: நீங்க அடகு வச்ச வளையல் எல்லாத்தையும் மீட்டது எந்தக் காசுன்னு நெனைக்கிறீங்க?

தினேஷ்: மாமா ஆஃப்லைன் போயிட்டார் 😂

சரஸ் அத்தை: கவிதா, கேளு. இந்தத் தீபாவளிக்குப் புது ரவிக்கை ஆர்டர் போன வருஷத்துல பாதிதான். நானும் பயந்துட்டேன். அப்புறம் பாத்தா பழச பிரிச்சுத் தைக்கிற வேலை வாசல் வரைக்கும் நிக்குது. அம்மா சேலையில பொண்ணுக்கு பஞ்சாபி சூட், சிலுவார் (கால்சட்டை) இடுப்பு விடுறது, சிப் மாத்துறது. பக்கத்து பிளாட் மலாய்க்கார அக்கா அவங்க உடை பாஜு கூரோங் அஞ்சு கொண்டாந்தாங்க, எல்லாம் அளவு மாத்த. ஒரே மிஷின்தான், புதுசு படுத்தா பழசு எழுந்து நிக்குது.

கவிதா: எனக்கு பட்டன் வைக்கத்தான் தெரியும் அத்தை.

சரஸ் அத்தை: ஏழு வருஷம் கம்பெனியில மைக்ரோஸ்கோப்புல மயிரிழை கம்பியப் பாத்த கண்ணு. பழகிடும். கஷ்டம் தைக்கிறதுல இல்ல. ஆரம்பப் பள்ளி நீல சிலுவார இறக்கினா பழைய மடிப்பு இருந்த இடத்துல வெளுத்துப் போயி ஒரு கோடு தெரியும். பையன் பள்ளியில வெக்கப்படுவான். வெனிகர்ல நனைச்ச துணிய மேல வச்சு அயர்ன் பண்ணினா மடிப்பு போகும், வெளுப்பு போகாது. அதுக்கு நான் அந்தக் கோட்டு மேலயே அதே நீல நூல்ல நெருக்கமா ரெண்டு தையல் ஓட்டிடுவேன். டிசைன் மாதிரி தெரியும். அதுக்குத்தான் ஜெலுத்தோங்லேருந்துகூட வர்றாங்க.

பெரியப்பா: 1998 ஞாபகம் வருகிறது. செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டி வைத்தார்கள். அந்த வருடம் என் பழைய கார் மூன்று முறை பட்டறைக்குப் போனது, ஒவ்வொரு முறையும் வரிசையில்தான் நின்றேன். புதுக் கார் வாங்க யாருக்கும் தைரியம் இல்லை. சரஸ் சொல்வது சரி. அடகுக் கடைக்குப் பணம் முதல், டிஐஒய்க்கு ஆயிரம் கடை முதல், இவளுக்குக் கை முதல். கவிதாவால் சேர்க்கக்கூடியது மூன்றாவதுதான்.

தினேஷ்: நிலைமை சரியாகி எல்லாரும் புதுசு வாங்க ஆரம்பிச்சிட்டா?

சரஸ் அத்தை: வாங்கட்டுமே. ரவிக்கை யாரு தைக்கிறது?

கவிதா: கஷ்டம் என்னன்னு சொல்லுங்க அத்தை. நல்லது மட்டும் சொன்னா பயமா இருக்கு.

சரஸ் அத்தை: கழுத்து வலி. நாலு வெள்ளி வேலைக்கு நாலு தடவ போன் பண்ணுவாங்க. குடுத்துட்டுப் போனவங்க வரவே மாட்டாங்க, ஒரு அலமாரி நிறைய கிடக்கு, கழிக்கவும் மனசு வராது. ஆனா கடன் கிடையாது, காச வச்சாத்தான் துணி. சரக்கு அழுகாது. நூலும் சிப்பும் தவிர முதல் கிடையாது.

தினேஷ்: அக்கா, செய்றதா இருந்தா தொழில் பதிவு பண்ற எஸ்எஸ்எம்ல பதிஞ்சுடுங்க. சொந்தப் பேர்னா வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர்னா 60. சிறுதொழிலுக்குக் கடன் குடுக்குற அரசாங்க அமைப்பு தெக்குன்ல இந்தியர்களுக்கு ஸ்புமின்னு ஒரு கடன் இருக்கு, ஆனா அது அப்புறம். எஸ்ஐபி காசு வாங்குறப்ப வேலை தேடுறதக் காட்டணும், அதனால பெர்கேசோவுல கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க.

ராஜன் மாமா: கடன் வேணாம். மிஷின் வாங்க நான் தர்றேன்.

சரஸ் அத்தை: எந்த வளையல வச்சு?

சாந்தி சித்தி: 😂😂 அண்ணே நீங்க மறுபடி ஆஃப்லைன் போயிடுங்க

கவிதா: மிஷின் இப்ப வேணாம் மாமா. அத்தை, நான் உங்க கூடவே வரட்டுமா? ஆர்டர் வாட்ஸ்அப்ல நான் பாத்துக்கிறேன், மோட்டர் சைக்கிள்ல துணி எடுத்து, கொண்டு போய்க் குடுக்கிறேன். அந்த நாலு தடவ போனும் எனக்கே வரட்டும்.

சரஸ் அத்தை: வேலை முடிஞ்ச மறுநாளே வா. முதல் வாரம் பிரிக்க மட்டும்தான் குடுப்பேன், துணி கிழியாம. மாசச் சம்பளம் கிடையாது. நீ கொண்டு வர்ற வேலையில பாதிக்குப் பாதி. பெட்ரோல் உன்னோடது.

கவிதா: பெட்ரோலும் பாதி அத்தை.

சரஸ் அத்தை: அரசாங்கச் சலுகையில லிட்டர் 1.99 வெள்ளிதானே உனக்கு!

கவிதா: பாதி.

சரஸ் அத்தை: சரி வா. கத்திரிக்கோல் நீயே கொண்டா, என்னோடத யாருக்கும் தர மாட்டேன்.