இந்தப் பழைய ஆண்கள் சென்ட் எதுவென்று சொல்ல முடியுமா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 100 மில்லி பச்சைக் கண்ணாடிப் புட்டி, ஸ்ப்ரே இல்லை, ஊற்றிப் பூசும் வகை. லேபிளில் 'பாரிஸ்' மட்டும் மிச்சம், பார்கோடு இல்லை. மூன்றில் ஒரு பங்கு திரவம்தான் இருக்கிறது.

ட்ராயிங் பேப்பர் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் நெயில் பாலிஷ் நெடி. மேலே இருந்த எலுமிச்சை வகை எண்ணெய்கள் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கின்றன, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்தாவது நிமிடம் லாவெண்டர். மூன்று மணி நேரம் கழித்துத்தான் அசல் முகம்: காய்ந்த வைக்கோல் வாசம், அதனடியில் சமையலுக்குப் போடும் கல்பாசியைக் கையில் கசக்கினாற்போல ஈரக் கசப்பு. வைக்கோல் வாசம் கூமரின் என்ற வாசனைப் பொருளுடையது, கசப்பு மரத்தில் படரும் ஓக்மாஸுடையது; அதுவும் கல்பாசியைப் போல லைக்கன் இனம்தான். 1882-ல் வந்த, ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஃபூஜேர் ரோயால் சென்ட் தொடங்கிவைத்த வாசனைக் குடும்பம் இது. ஓக்மாஸுக்குக் கட்டுப்பாடு வந்தபின் செய்தவற்றில் இவ்வளவு அழுத்தம் இருக்காது. பச்சைப் புட்டி என்றதும் ப்ரூட் சென்ட் என்பீர்கள்; இதில் அந்த வெனிலா இனிப்பு இல்லை.

இன்னொன்று: மூடிக்குள் இருந்த வாஷர் பொடிந்துவிட்டது. டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன். பாலக்காட்டு வெயிலுக்கு இது தாங்குமா, அல்லது காற்றிடம் குறைய 30 மில்லி கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிடலாமா? ரப்பர் வாஷர் ஆல்கஹாலில் ஊறி வாசனையையே கெடுத்துவிடும், அது வேண்டாம். இந்த வகை புட்டி வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தையும் மூடியையும் படமெடுத்துப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.