கும்பகோணத்தில் பழைய வீடு: 13 வருட ஈசி போதுமா?

குடந்தைவாசி:
கோயிலை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு ஒன்று விலை பேசியிருக்கிறோம். பட்டா, விற்பவரின் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. 13 வருட ஈசியில் (வில்லங்கச் சான்று) வில்லங்கம் ஏதுமில்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

டெல்டா வக்கீல்:
இப்போது வேண்டாம். நம்ம கோயில் ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது அடிமனை, அதாவது வீடு நிற்கும் மண். கட்டடம் விற்பவருடையது, மண் கோயிலுடையது என்ற வீடுகள் ஏராளம். தாய்ப்பத்திரத்தில் (இந்தச் சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) சொத்து விவரத்தை வரி விடாமல் படியுங்கள். "அடிமனை நீங்கலாக", "மேல்கட்டடம் மட்டும்" என்றிருந்தால் மனை உங்களுக்கு வராது. கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நகர சர்வே பதிவேட்டில் அந்த மனையின் சர்வே எண் யார் பெயரில் என்றும் பாருங்கள். அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மண்ணை விற்ற பத்திரம் செல்லாது. வீட்டு வரி ரசீதைக் காட்டுவார்கள், மயங்காதீர்கள்; அது மண்ணுக்கு உரிமை ஆகாது.

பத்திர எழுத்தர்:
ஈசி குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்க. அதிலும் பதியாத உயில் தெரியாது. ஒரிஜினல் பத்திரத்தையே கையில் வாங்கிப் பாருங்க. ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் ஒரிஜினல் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும், கல்யாணமாகிப் போன பெண்கள் உட்பட, கையெழுத்துப் போடணும். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி.

குடந்தைவாசி:
நன்றி. பதிவுச் செலவு?

பத்திர எழுத்தர்:
முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு), பேசிய விலை, எது அதிகமோ அதற்கு. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.