புதுப்பிப்பு: டிஸ்கஸ் தொட்டியில் ஓட்டை விழுந்த இலைகள்

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: 200 லிட்டர் தொட்டி, ஐந்து டிஸ்கஸ் மீன்கள், செடிகளுக்குத் தனியாகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவது கிடையாது, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற நீர்ச்செடிகள் இரண்டிலும் பழைய இலைகளில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை. செடிக்கு வேண்டிய நைட்ரேட் சத்து குறைவா என்று கேட்டிருந்தேன்.

இல்லை. சோதித்தால் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. ஒரு நாளைக்கு மூன்று வேளை தீனி போடுகிறேனே, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிலிருந்தே வந்துவிடும். உங்களில் சிலர் சொன்னதுபோல் பொட்டாசியம்தான் பற்றாக்குறை. அதுவும் வாரம் பாதித் தண்ணீர் மாற்றும்போது கொஞ்சநஞ்சம் இருப்பதும் போய்விடுகிறது.

இப்போது தண்ணீர் மாற்றியதும் 3 கிராம் பொட்டாசியம் சல்பேட். லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் பொட்டாசியம் கிடைக்கும். நுண்சத்து உரம், புட்டியில் போட்டிருப்பதில் பாதி. அமேசான் வாள் செடிக்கு மட்டும் வேரடியில் உர வில்லை. விளக்கு 10 மணி நேரத்திலிருந்து 7 ஆனது. பாசி குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓட்டை விழுந்த இலை தேறாது, வெட்டிவிட்டேன். புது இலைகள் சுத்தமாக வருகின்றன, ஆனால் மெதுவாக. 29 டிகிரியில் மீன்கள் வழக்கம்போல் சாப்பிடுகின்றன.

குழாய்த் தண்ணீரிலுள்ள கிருமிநாசினி போக, ஒரு நாள் பிடித்து வைத்தால் போதுமா என்று கேட்டவருக்கு: போதாது. சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி, ஒரு நாளில் தானாகப் போகாது. அதை நீக்கும் மருந்து கட்டாயம்.

மாமியார் நேற்று தொட்டியைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, மீன் வளர்க்கிறீங்களா, கீரையா?” என்றார்.