சொல் தேவை: மரச்சட்டகக் கொட்டகையின் ‘சோல் பிளேட்’

வணக்கம்.

கான்கிரீட் தளம் போட்டு அதன் மேல் மரச்சட்டகத்தில் தோட்டக் கொட்டகை ஒன்றை ஒருவர் தானே கட்டிக்கொள்ள உதவும்படி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆணி, போல்ட், பிளைவுட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சுவரின் பாகங்களுக்குத்தான் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பவை: சோல் பிளேட் (சுவருக்கு அடியில் தளத்தின் மேல் படுப்பது) – தரைத்தகடு, ஸ்டட் (சுவருக்குள் செங்குத்தாக நிற்பது) – தூண், நாகின் (இரண்டு ஸ்டட்களுக்கு நடுவே வைப்பது) – குறுக்குக்கட்டை, டேம்ப் புரூஃப் மெம்பிரேன் (ஈரம் ஏறாமல் தடுப்பது) – ஈரத்தடுப்புச் சவ்வு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

> தரைத்தகடு

இது வேண்டாம் ஐயா. தகடு என்றதும் தகரமோ இரும்போதான் கண்ணில் வரும், வாசிப்பவர் கடைக்குப் போய் இரும்புப் பட்டை வாங்கி வந்துவிடுவார். இது மரம். அறுத்த நீள மரத்தைத் தச்சர்கள் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள் (நீதிமன்றச் சட்டம் என்று யாரும் குழம்ப மாட்டார்கள்), எல்லாம் சேர்ந்த கூடு சட்டகம். அந்த வழியிலேயே போகலாம்.

ஆனால் இங்கே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். சுவரைத் தரையில் படுக்கவைத்து ஆணி அடித்து முடித்துத் தூக்கி நிறுத்தும்போது அந்தச் சுவருக்கென்று அடியில் ஒரு சட்டம் இருக்கும். அதற்கும் கீழே, தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய இன்னொரு சட்டம் முன்பே படுத்திருக்கும். எவ்வளவு கவனமாக மட்டப்பலகை இழுத்தாலும் கான்கிரீட் அங்கங்கே மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், அந்தக் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்திவிட்டால் அப்புறம் நிறுத்துகிற எல்லாச் சுவரும் தானாகவே மட்டத்துக்கு வரும். தளத்தோடு பிணைந்ததைத் தளச்சட்டம் என்றும், சுவரோடு வருவதை அடிச்சட்டம் என்றும், சுவரின் தலையில் ஓடுவதை மேல்சட்டம் என்றும் சொல்லலாம். நீங்கள் கேட்ட சோல் பிளேட் தளச்சட்டம்தான். சின்னக் கொட்டகைக்குச் சிலர் தளச்சட்டம் இல்லாமல் அடிச்சட்டத்தையே நேராகத் தளத்தில் முடுக்கிவிடுவார்கள், அதையும் கையேட்டில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

> ஈரத்தடுப்புச் சவ்வு

சவ்வு உடம்புக்குள் இருப்பது. இதிலும் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. 100 மி.மீ. கான்கிரீட்டுக்கு அடியில், மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் இருக்க விரிக்கும் 300 மைக்ரான் பாலித்தீன் ஒன்று. தளச்சட்டத்துக்கு அடியில் மட்டும், அதன் அகலத்துக்குச் சுருளிலிருந்து வெட்டி வைப்பது இன்னொன்று. முதலாவது ஈரத்தடுப்பு விரிப்பு, இரண்டாவது ஈரத்தடுப்புப் பட்டை. விரிப்பு போட்டாயிற்றே, பட்டை எதற்கு என்று கேட்பார்கள். மழை பக்கவாட்டிலிருந்தும் தளத்தை நனைக்கும், கான்கிரீட் அதை உறிஞ்சி மரத்துக்குக் கொடுத்துவிடும். கொட்டகைகள் உளுப்பது பெரும்பாலும் கீழிருந்துதான். தளத்தைக் கொட்டகையைவிட அகலமாகப் போட்டால் இன்னும் மோசம். சுவர்ப்பலகையில் வழியும் தண்ணீர் அந்த விளிம்பில் தேங்கி உள்ளே நுழையும். தளம் சட்டகத்தின் அளவுக்கே இருந்து, பலகை தளத்தின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழே தொங்கினால் தண்ணீர் வெளியே சொட்டிப்போகும்.

> தூண்

தூண் தனியாக நின்று பாரம் தாங்குவது. இவை வரிசையாக நின்று பங்குபோட்டுத் தாங்குபவை. குத்துக்கால் என்று வைக்கலாமா?

—

குத்துக்கால் ஏற்கெனவே கூரையில் இருக்கிறதே! விட்டத்தின் மேல் நின்று, கூரையின் உச்சியில் ஓடும் முகட்டுவளையைத் தாங்குகிற குட்டைக் கட்டைக்கு அதுதான் பெயர். ஒரே கையேட்டில் சுவரிலும் கூரையிலும் அதே சொல் வந்தால் வம்பு. கதவுக்கு நிலைக்கால் இருப்பது போலச் சுவருக்குச் சுவர்க்கால் என்று வையுங்களேன். கூரைக்குக் கைமரம் (முகட்டிலிருந்து சுவர்வரை சரிவாக இறங்குவது), முகட்டுவளை இரண்டும் நல்ல பழைய சொற்கள், அங்கே எதையும் புதிதாக உருவாக்க வேண்டாம். கைமரம் மேல்சட்டத்தின் மீது உட்கார வெட்டுகிற வெட்டுக்கு மட்டும் சொல் வேண்டும், அமர்வு வெட்டு என்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் அது ‘பேர்ட்ஸ்மவுத்’ என்பதற்காகப் பறவைவாய் என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.

—

சுவர்க்கால் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொண்டேன். தளச்சட்டம், அடிச்சட்டமும் சரி. இன்னொன்று: சுவர்க்கால்களை 600 மி.மீ. ‘சென்டர்’களில் வைக்கச் சொல்ல வேண்டும். ‘600 மி.மீ. இடைவெளியில்’ என்று எழுதினால் போதுமா? இல்லை, மையவிலக்கம் என்று ஏதாவது…

—

மையவிலக்கம் என்றால் எல்லாரும் பள்ளியில் படித்த மையவிலக்கு விசைக்குப் போய்விடுவார்கள். வெறும் ‘இடைவெளி’ அதைவிட ஆபத்து. 50 மி.மீ. தடிமன் உள்ள சுவர்க்கால்களுக்கு நடுவே 600 வெற்றிடம் விட்டால் மையத்துக்கு மையம் 650 ஆகிவிடும். முதல் காலின் மையத்திலிருந்து மூன்றாவது காலின் மையம் 1300-இல் நிற்கும். 1200 அகலப் பிளைவுட்டின் விளிம்பு அந்தக் காலைத் தொடவே தொடாது, ஆணி அடிக்க இடமிருக்காது. அந்த 600-ஐத் தேர்ந்தெடுத்ததே பலகையின் இணைப்பு ஒரு காலின் நடுவில் வந்து விழட்டும் என்றுதான். ‘மையத்துக்கு மையம் 600 மி.மீ.’ என்று நீட்டியே எழுதுங்கள், அட்டவணையில் இடம் இல்லாவிட்டால் மைய இடைவெளி. மூலைக்கால் மட்டும் விதிவிலக்கு, அங்கே பலகை காலின் வெளிவிளிம்பிலிருந்தே தொடங்குகிறது, அதனால் முதல் அளவையும் அந்த விளிம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நாகினுக்குக் குறுக்குக்கட்டை என்றால் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவது போல இருக்கிறது. உண்மையில் இரண்டு கால்களுக்கு நடுவே கச்சிதமாக அடைத்து, கால்கள் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கிற துண்டுதானே? இடைக்கட்டை என் பரிந்துரை. அவற்றை ஒரே கோட்டில் வைக்காமல் ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பக்கத்துக் காலின் வழியாக நேராக ஆணி இறக்க முடியும்.

—

இடைக்கட்டைக்கு என் ஆதரவும் உண்டு. கைமரங்களின் மேல் குறுக்காக அடிக்கிற ரீப்பரை மட்டும் யாரும் தொடாதீர்கள், அது தமிழாகிப் பல காலம் ஆகிவிட்டது.